ஒற்றைக்காலும் கனத்த லென்ஸும்

காமிராவுக்குக் கால் எதற்கு என்று கேட்கும் சகோதரர்கள் நம்மில் உண்டு. மூன்று கால் உள்ள பொருள் நிற்கும். ஒற்றைக்கால் எப்படி நிற்கும் என்று அவர்கள் வினவுவதும் நியாயமே. கோலாலம்பூரில் உள்ள நமது கடையிலும் இந்த ஒற்றைக்கால் சரக்கு பல ஆண்டுகள் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் சுவரில் சாத்திக் கிடந்தது. கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுத்தோம். காசை வாங்கிக் கல்லாவில் போட்டோம். அதன் உபயோகம் இன்னதென்று நாம் அறிந்திருக்கவில்லை. அறியாமல் விற்ற காரணத்தால் ஒரு பெரியவருக்கு நஷ்டம் உண்டாக்கினோம். அந்தச் சம்பவத்தைப் பின்னால் சொல்லுவோம்.

அதன் பிறகே நாம் இப்பொருளைக் கையில் எடுத்துப் பழகலானோம். மதரஸா ஓதலும் ஆறாம் வகுப்புப் படிப்புமே நமக்கு உண்டு. ஆகவே இங்கே எழுதுவது கையால் தொட்டும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்த சங்கதியே. காமிரா விற்கும் சகோதரர்களுக்கும், சங்க விழாவிலும் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியிலும் படம் பிடிக்கும் அன்பர்களுக்கும் இது உபயோகப்படலாம்.

இதற்கு மோனோபாட் என்று பெயர். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் நாலைந்து குழாய்கள். மடக்கினால் முழங்கை நீளத்துக்குச் சற்று அதிகம். நீட்டினால் ஓர் ஆளின் கண்மட்டம். உச்சியில் ஒரு திருகு, அடியில் ஒரு ரப்பர்க் குமிழ். பார்வைக்கு ஊன்றுகோல்தான். இதை நாம் முதன்முதலில் கவனித்தது 1998-ம் ஆண்டில். அப்பொழுது காமன்வெல்த் விளையாட்டுகள் நமது ஊரில் நடந்தன. புக்கிட் ஜாலில் அரங்கம் புதிதாக எழுந்திருந்தது. நாம் அத்தாவின் கடையில் எடுபிடியாக நின்ற காலம். பிலிம் சுருள் வாங்க வந்த வெளியூர்ப் படக்காரர்கள் கனத்த லென்ஸைக் கோலோடு சேர்த்துத் தோளில் சாத்திக்கொண்டு வருவார்கள். உலக்கையைச் சுமந்து வருகிறார்களே என்று நாம் சிரித்ததுண்டு. அது உலக்கையன்று, அவர்களுடைய தோளையும் முதுகையும் காக்கும் பொருள் என்பது நமக்குப் புரிய வெகு காலம் ஆயிற்று.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். பந்தாட்டக்காரரைத் தூரத்திலிருந்து படம் பிடிப்போர் விரும்பும் 400 மில்லிமீட்டர், எப் 2.8 லென்ஸை எடுத்துக்கொள்வோம். கேனன் கம்பெனியார் 1999-ல் வெளியிட்டது 5 கிலோ 370 கிராம். 2011-ல் வந்தது 3 கிலோ 850 கிராம். 2018-ல் வந்தது 2 கிலோ 840 கிராம். வரவரக் குறைந்து வந்திருக்கிறது; உண்மைதான். ஆனாலும் காமிராவையும் சேர்த்தால் நாலு கிலோவுக்கு வந்துவிடும். நாலு கிலோ அரிசியைப் பையில் தொங்கவிட்டு நடப்பது எளிது. அதையே முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொண்ணூறு நிமிடம் நின்று பாருங்கள். ஐந்தாம் நிமிடத்தில் கை நடுங்கும்.

அந்த நடுக்கந்தான் படத்தைக் கெடுக்கிறது. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸ் அகலத்தில் ஏறத்தாழ 40 பாகைக் காட்சியைப் பார்க்கும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் 5 பாகையை மட்டுமே பார்க்கும். தூரத்துப் பொருளை அது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்போது, நமது கை நடுக்கத்தையும் அதே எட்டு மடங்கு பெரிதாக்குகிறது. ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு லென்ஸ் அசைந்தால், படச்சட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு தூரம் காட்சி நகர்ந்துவிடும். இக்காலத்துக் காமிராக்கள் பலவற்றில் படத்தின் அகலம் 6000 புள்ளி. அதில் 100 புள்ளிக்கு மேல் இழுபட்டுப் போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்க.

ஆகவேதான், கையில் பிடித்து எடுப்போர் லென்ஸின் மில்லிமீட்டர் எத்தனையோ, நொடியில் அத்தனையில் ஒரு பங்குக்குக் குறையாத ஷட்டர் வேகம் வைக்கவேண்டும் என்று பழைய படக்காரர்கள் சொல்லி வைத்தார்கள். 400 மில்லிமீட்டருக்கு 400-ல் ஒரு பங்கு நொடி. சிறிய சென்சார் உள்ள காமிராவாயின் இன்னும் ஒன்றரை மடங்கு வேகம். மோனோபாட் ஊன்றிப் பழகியபின் நாம் 100-ல் ஒரு பங்கு நொடியிலும் தெளிவாக எடுத்திருக்கிறோம். எடுத்த பத்துப் படத்தில் பத்தும் தேறும் என்று சொல்லமாட்டோம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மோனோபாட் காமிராவின் ஆட்டத்தைத்தான் குறைக்கும்; எதிரே ஓடுகிறவனை அது நிறுத்தாது. பந்தை உதைக்கும் காலைத் தெளிவாகப் பிடிக்க 1000-ல் ஒரு பங்கு நொடியாவது வேண்டும். கோல் ஊன்றினாலும் வேண்டும், ஊன்றாவிட்டாலும் வேண்டும். “பாய், உங்கள் கோலை வாங்கினேன், பையன் ஓடுகிற படம் இன்னும் கலங்கலாகத்தானே இருக்கிறது” என்று பள்ளி விளையாட்டு நாளுக்குப் பின் வந்து நிற்போர் அநேகர். விற்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் அந்த வழக்கு வராது.

சரி, இந்த ஒற்றைக்கால் எதை நிறுத்துகிறது, எதை நிறுத்தாமல் விடுகிறது? பாரம் முழுவதும் தரையில் இறங்கிவிடுவதால் கை சோர்ந்து காமிரா கீழே தாழ்வதும், மறுபடி தூக்குவதும் நின்றுபோகிறது. இது பெரிய லாபம். ஆனால் கோல் முன்னும் பின்னும் சாயும். இடமும் வலமும் சாயும். தன்னச்சில் திரும்பவும் செய்யும். இவற்றை அந்தக் கோல் தடுக்காது. முக்காலியில் மற்ற இரண்டு கால்கள் செய்யும் வேலையை இங்கே நமது இரண்டு கால்கள் செய்யவேண்டும். மோனோபாட் என்பது மூன்று கால்களில் ஒன்றை மட்டும் விலைக்குக் கொடுப்பது. பாக்கி இரண்டையும் வாங்குகிறவர் தம்மோடு கொண்டுவர வேண்டும். இதை அறியாதவர்தான் கோலைக் காலுக்கு நேராக, செங்குத்தாக, உடம்போடு ஒட்டி நட்டுக்கொண்டு, கொடிக்கம்பம்போல் விறைத்து நிற்பார். அவர் மூச்சு விடுந்தோறும் காமிரா ஆடும்.

நாம் பழகிய முறை இது. இரண்டு பாதங்களையும் தோள் அகலத்துக்கு விரித்து நிற்க வேண்டும். கோலின் அடியை ஓரடி அல்லது ஒன்றரை அடி முன்னால் ஊன்றி, கோலின் தலை நம்மை நோக்கிச் சாயும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இப்பொழுது தரையில் மூன்று புள்ளிகள் உண்டாகின்றன. கோல் ஒன்று, பாதம் இரண்டு. உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் முன்னே கொடுத்து, காமிராவை நெற்றியிலும் கன்னத்திலும் அழுந்த வைக்கவேண்டும். இடக்கையை லென்ஸின் மேலே வைத்து இலேசாகக் கீழ்நோக்கி அமுக்கலாம். தையற்காரர் துணியை அமுக்கிப் பிடிப்பாரே, அந்த அளவு போதும். முழங்கைகள் விலாவோடு சேர்ந்திருக்கட்டும். மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, பொத்தானை இடிக்காமல் அழுத்த வேண்டும்.

சிலர் கோலின் அடியைத் தமது பின்னங்காலின் உட்பாதத்தில் முட்டுக்கொடுத்து, கோலைத் தொடையோடு அணைத்து நிற்பார்கள். கூட்டத்தில் இடமில்லாதபோது அது நல்ல வழி. உட்கார்ந்து எடுப்பவர் கோலைக் குறுக்கி இரண்டு முழங்கால்களுக்கும் இடையே நிறுத்தினால், நின்று எடுப்பதைவிட அசைவு குறைவு. மைதான ஓரத்தில் சிறு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பத்திரிகைப் படக்காரர்களை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். பின்னால் இருப்போர்க்கு மறைக்காமலிருக்கவும் அது உதவும். ஆட்டக்காரரின் முகமும் வானத்தை ஒட்டி உயரமாகத் தெரியும்.

இனி நமது பிழையைச் சொல்லுவோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். பறவைகளைப் படம் பிடிப்பதில் பிரியமுள்ளவர். 150 முதல் 600 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸ் ஒன்றை வேறிடத்தில் வாங்கிவிட்டு, மோனோபாட் மட்டும் கேட்டு நமது கடைக்கு வந்தார். அந்த லென்ஸ் ஏறத்தாழ 2 கிலோ. அன்று கடையில் கூட்டம். நாம் லென்ஸையும் பார்க்கவில்லை, எடையையும் கேட்கவில்லை. கடைப்பையன் கோலின் திருகைக் காமிராவின் அடியில் இருந்த துளையில் முறுக்கிக் கொடுத்தான். அவரும் நன்றி சொல்லிப் போனார்.

சகோதரர்களே, தராசு பிடிக்கும் நமக்கு இது தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. தராசுக் கோலை நடுவில் பிடித்தால் நேராக நிற்கும். ஓரத்தில் பிடித்தால் மறு ஓரம் தொங்கும். கனத்த லென்ஸ் மாட்டிய காமிராவில் பாரம் லென்ஸின் பக்கமே இருக்கிறது. காமிரா அதன் வாலில் ஒட்டிய சிறு பெட்டி. காமிராவின் அடியில் திருகை முறுக்கினால், 2 கிலோ லென்ஸ் முழுவதும் காமிராவின் வாய் வளையத்தில் தொங்குகிறது. அந்த வளையத்தைக் காமிராவோடு பிடித்திருப்பவை சில சின்னஞ்சிறு திருகாணிகள்.

இதற்காகவே கனத்த லென்ஸ்களின் நடுவில் ஒரு பட்டை வளையமும், அதில் ஒரு பாதமும் வைத்திருக்கிறார்கள். காலர் என்று அதைச் சொல்லுவது வழக்கம். கோலை அந்தப் பாதத்தில்தான் முறுக்க வேண்டும். அப்பொழுது முன்பாரமும் பின்பாரமும் ஒத்துப்போகும். ஒரு விரலால் தாங்கினாலும் லென்ஸ் தலைசாயாது. காலரின் பிடியைத் தளர்த்தினால் காமிராவை நெடுக்குப் படத்துக்குத் திருப்பிக்கொள்ளவும் முடியும். கோலை அசைக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் லென்ஸில் அந்தக் காலரைக் கழற்றிவிடலாம். பாரம் குறையட்டும் என்று அவர் அதைக் கழற்றி வீட்டில் பெட்டியிலேயே வைத்துவிட்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழுகிறது என்றார். லென்ஸைப் பிடித்து அசைத்தால் வாயில் கடகடவென்று ஆடியது. காமிராவோடு கோலைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தாராம். ஒவ்வோர் அடிக்கும் அந்த வளையம் குலுங்கியிருக்கிறது. அவர் நம்மைக் கடிந்து பேசவில்லை. “பாய், லென்ஸ் எத்தனை கிலோ என்று நீங்கள் கேட்டிருந்தால், காலர் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லியிருப்பேனே” என்றார். நாம் என்ன பதில் சொல்ல முடியும்? “தப்பு நம்முடையது, சார்” என்றோம். பழுது பார்த்த கூலியில் பாதிதான் அவர் நம்மைக் கொடுக்க விட்டார். மீதியைக் கொடுக்காத கடன் நமது மனத்தில் இன்னும் இருக்கிறது.

அந்த ஆசிரியர்தாம் பின்னர் நம்மைப் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவானுக்கு அழைத்துப் போனார். கலங்கரை விளக்கம் இருக்கும் குன்று அது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தை ஒட்டி, சுமத்திராவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து தேன்பருந்துகள் வடக்கு நோக்கித் திரும்பும் வழி. மலேசிய இயற்கைக் கழகத்தார் பருந்து பார்க்கும் நாட்களை அங்கே நடத்தி வந்திருக்கிறார்கள். நாம் புதிய மோனோபாட்டோடு பெருமையாகப் போனோம். வெட்கப்பட்டுத் திரும்பினோம் என்றே சொல்லவேண்டும். பருந்து கடலின் மேல் தாழ வரும்வரை கோல் உதவிற்று. தலைக்கு மேலே வட்டமிட்டபோது லென்ஸ் வானத்தைப் பார்க்க மறுத்தது. கோலைச் சாய்த்தால் அடி வழுக்கியது. ஆசிரியர் சத்தமில்லாமல் தமது லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து எடுத்துக்கொண்டிருந்தார்.

கோலின் தலையில் வைக்கும் சாய்தலை ஒன்று உண்டு. கதவுக் கீல்போல முன்னும் பின்னும் மட்டும் மடங்கும். மரக்கிளைப் பறவைக்கும் மேடைப் பேச்சாளருக்கும் அது போதும். நேர் உச்சியில் பறப்பவற்றுக்கு அதுவும் போதாது. பந்துத்தலை என்று மற்றொன்று எல்லாப் பக்கமும் உருளும்; கனத்த லென்ஸுக்கு அதை நாம் சிபாரிசு செய்வதில்லை. பிடி சற்றுத் தளர்ந்தால் லென்ஸ் பக்கவாட்டில் தொப்பென்று விழுந்து, கோலையும் கூட இழுத்துக்கொள்ளும்.

கோலுக்கு உகந்த இடம் எது என்று கேட்டால், சிப்பாங் ஓட்டப் பாதையைச் சொல்லுவோம். 1999-ல் திறந்த அந்தப் பாதையில் 2017 வரை பார்முலா ஒன் பந்தயம் நடந்தது. மோட்டார்சைக்கிள் பந்தயமும் அங்கே பெயர்போனது. நேர்பாதையில் சைக்கிள்கள் 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும். அவற்றைப் படம் பிடிப்பவர் இடமிருந்து வலமாகச் சீராகத் திரும்ப வேண்டும். முக்காலி அந்த நெருக்கத்தில் இடத்தை அடைக்கும். கையில் பிடித்தாலோ மேலும் கீழும் ஆட்டம். மோனோபாட் அங்கே திரிகையின் நடு அச்சுபோல் நிற்கிறது. படக்காரர் இடுப்போடு சுழல்கிறார். மேல் கீழ் அசைவு அற்றுப்போவதால், 125-ல் ஒரு பங்கு நொடியில்கூட ஓட்டுநர் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் விழும். கோல் தன்னச்சில் திரும்புவது குறை என்று மேலே சொன்னோமே, அந்தக் குறையே இங்கே வசதியாகிறது.

இப்பொழுதெல்லாம் லென்ஸிலேயே ஆட்டத்தைத் திருத்தும் கருவி வந்துவிட்டது, கோல் எதற்கு என்பார்கள். ஒற்றை லென்ஸ் காமிராக்களுக்கு அத்தகைய மாற்று லென்ஸை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1995-ல் கேனன். இன்று காமிராவின் உள்ளேயும் அது இருக்கிறது. மிக நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது ஆட்டத்தைத் திருத்துமே தவிரப் பாரத்தைத் தூக்காது. தோள்பட்டை வலிக்குச் சென்சாரில் மருந்தில்லை. கோலும் அக்கருவியும் ஒன்றுக்கொன்று பகையுமல்ல. முக்காலியில் அசையாமல் வைக்கும்போது அதை அணைத்துவிடச் சொல்லும் லென்ஸ்கள் உண்டு. மோனோபாட்டில் அணைக்க வேண்டாம். எஞ்சிய சாய்வாட்டத்தை அது பார்த்துக்கொள்ளும். வண்டிகளைத் தொடர்ந்து திரும்பும்போது, அதற்கென உள்ள இரண்டாம் நிலையில் விசையை வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்கி விற்கும் சகோதரர்கள் கவனிக்கவேண்டியவை சில. எத்தனை கிலோ தாங்கும் என்று கோலின் பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். காமிராவும் லென்ஸும் சேர்ந்த எடைக்கு அது ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். வாடிக்கைக்காரர் முன்னிலையில் கோலை முழுவதும் நீட்டி, பூட்டுகளைப் பூட்டி, தலையில் உள்ளங்கையை வைத்து உடம்பின் பாரத்தைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு குழாய் இறங்கினாலும் அந்தச் சரக்கை ஒதுக்கிவிடலாம். முழு நீளம் தேவையில்லாதபோது அடியிலுள்ள மெல்லிய குழாயை உள்ளேயே விட்டு, மேலுள்ள தடித்த குழாய்களை நீட்டச் சொல்லுங்கள். அலுமினியம் விலை மலிவு. கார்பன் எடை குறைவு. நாள் முழுவதும் நடப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியும். மைதான ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆகவே யாருக்கு எது என்று கேட்டறிந்து கொடுப்பது நலம். கடற்கரைக்குக் கொண்டுபோனவர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, குழாய்களை நீட்டி உலர்த்த வேண்டும். மணல் புகுந்த பூட்டு மறுமுறை பிடிக்காது.

கீழே கோழிக்கால்போல மூன்று சிறு விரல்கள் உள்ள கோல்களும் வருகின்றன. இது தானே நிற்குமா என்று வாங்குபவர் கண்ணில் ஆசையோடு கேட்பார். நிற்கும் என்று சொன்னால் வியாபாரம் உடனே முடிந்துவிடும் என்பது நமக்குத் தெரியும். கனத்த லென்ஸை உச்சியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால், ஒரு பிள்ளை பக்கத்தில் ஓடினாலே சாயும். அந்த விரல்கள் கை பிடித்திருக்கும்போது வழுக்காமலும் சீராகவும் திரும்ப உதவுபவை, அவ்வளவே. நாம் அதைத் திறந்து சொல்லிவிடுகிறோம். இதனால் கைநழுவிய வியாபாரமும் உண்டு, மறைப்பானேன்.

திருகிலும் இரண்டு அளவு இருக்கிறது. கால் அங்குலம் ஒன்று, அங்குலத்தில் எட்டில் மூன்று மற்றொன்று. கனத்த லென்ஸின் பாதத்தில் பெரிய துளை இருந்தால் பெரிய திருகையே முறுக்க வேண்டும். சிறியது நடந்து போகும்போது மெல்ல மெல்லத் தளரும். தோளில் சாத்தி நடப்பவர் ஒரு கையை லென்ஸின் மேல் வைத்துக்கொள்வது உத்தமம். அளவு மாற்றும் சிறு பித்தளைப் புரி ஒன்று உண்டு. மிளகைவிடச் சற்றுப் பெரிது, விலை சில வெள்ளி. அது தொலைந்துபோனால் ஐயாயிரம் வெள்ளி லென்ஸ் கோலில் ஏறாது. நாம் அதை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறோம். அந்த டின்னுக்குப் பக்கத்தில் பத்து கிலோ நிறுக்கும் சமையல் தராசு ஒன்றும் கல்லாமேசையின் மேல் இருக்கிறது. மோனோபாட் கேட்டு வருகிறவரிடம் லென்ஸை வாங்கி முதலில் அதில் வைப்பது கடைப்பையனின் வேலை. எடையைப் பார்த்த பிறகே கோலை எடுக்கிறான். ஆசிரியர் வரும்போதெல்லாம் அந்தத் தராசைப் பார்த்துச் சிரிப்பார்.